கோட்டையைக் காத்த குதிரும் குளமும்

கோட்டை என்றவுடன் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது, சகோதரிகளே? பீரங்கி, குதிரை, வாள், கொத்தளத்தின் மேல் பறக்கிற கொடி, இவைதானே? பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் அப்படித்தான் படம் போட்டிருந்தார்கள். சினிமாவிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். ஆனால் அந்தக் கோட்டைக்குள் அடைந்து கிடந்த நூற்றுக்கணக்கான பேருக்குக் கூழ் காய்ச்சக் கேழ்வரகு எங்கிருந்து வந்தது? மலை உச்சியில் குடிக்கத் தண்ணீர் எப்படிக் கிடைத்தது? இதை யாரும் சொல்வதில்லை. அடுப்படியில் நிற்கிற நமக்கு முதலில் கேட்கத் தோன்றுவது இதுதான். இந்த இதழில் அதைத்தான் எழுதப் போகிறேன். பெரிய சரித்திரம் படித்தவள் இல்லை நான். பத்தாவது வரை படித்துவிட்டுக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள். ஆனாலும் மாதம் முப்பது நாளுக்கு அரிசி, பருப்பு கணக்குப் போடத் தெரிந்தவளுக்குக் கோட்டைக் கணக்கும் கொஞ்சம் புரியும் அல்லவா?

எங்கள் ஊரில் நடந்த அரிசிச் சண்டை

எங்கள் சோளிங்கருக்கு வெளியூர்க்காரர்கள் வருவது யோக நரசிம்மரைப் பார்க்க. பெரிய மலைக்கு 1305 படி. எதிரே சின்ன மலையில் ஆஞ்சநேயர். கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே தாங்காது. முழங்கால் வலிக்காரர்களின் குறை தீர 2024-ல் கம்பி வண்டியும் வந்துவிட்டது. ஆனால் இதே சோளிங்கரின் பெயர் சரித்திரப் புத்தகங்களில் இருப்பது ஒரு சண்டைக்காக. 1781-ம் வருஷம் செப்டம்பர் 27-ம் தேதி, மைசூர் ஹைதர் அலியின் சேனையும் கும்பினியாரின் தளபதி ஐர் கூட்டின் சேனையும் இங்கே மோதின. கூட் ஜெயித்தார்.

எதற்காக இங்கே வந்து மோதினார்கள்? நம் மலைக்காகவோ ஊருக்காகவோ இல்லை. அந்தச் சமயம் வேலூர்க் கோட்டை கும்பினியார் கையில் இருந்தது. ஹைதர் அலியின் படை அதை வளைத்துக்கொண்டு உள்ளே ஒரு மூட்டை தானியமும் போகவிடாமல் தடுத்தது. கோட்டைக்குள்ளே ராஸ் லாங் என்ற அதிகாரியும் அவருடைய ஆட்களும் அரிசி தீர்ந்துகொண்டே வருகிறதே என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தானியம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆனால் கொண்டுபோக வந்த கூட்டின் சேனைக்கே சாப்பாடு தட்டுப்பாடு! சோளிங்கரில் ஜெயித்த பிறகும் நேரே வேலூருக்குப் போக முடியாமல், பாளையக்காரர்களின் மலைநாட்டுப் பக்கம் நெல் தேடிப் போக வேண்டியிருந்தது. நவம்பர் மாதம்தான் வேலூருக்குக் கொஞ்சம் தானியம் போய்ச் சேர்ந்தது. அதுவும் காணாமல் 1782 ஜனவரியில் மறுபடி கொண்டுபோனார்கள். அந்தப் பயணத்தில்தான் கூட்டுக்கு மூளையில் ரத்த அடைப்பு மாதிரி ஒரு தாக்குதல் வந்து நினைவே தப்பிவிட்டது. கொஞ்சம் தெளிந்ததும், பல்லக்கில் படுத்தபடியே சேனையைக் கூட்டிக்கொண்டு போய் அரிசியைச் சேர்த்தார்.

ஆக, எங்கள் ஊர்ச் சண்டையை ராஜாக்கள் சண்டை என்று சொல்வதைவிட அரிசிச் சண்டை என்று சொன்னால்தான் பொருத்தம்.

வேலூரைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும், அகழி சூழ்ந்த கோட்டை கீழே சமதரையில் இருக்கிறது. கிழக்கே வரிசையாகக் குன்றுகள். அந்தக் குன்றுகளின் தலையிலும் சின்னச் சின்னக் கோட்டைகள் உண்டு, மதில் இடிந்து நிற்கிறது. 1677-ல் சிவாஜி மகாராஜாவின் படை வேலூரை முற்றுகையிட்டபோது இரண்டு குன்றுகளில் அரண் கட்டி சாஜ்ரா, கோஜ்ரா என்று பெயர் வைத்ததாகச் சொல்கிறார்கள். குன்றின் மேலிருந்து கீழே கோட்டைக்குள் குண்டு போடலாம். அதனால் குன்றைப் பிடித்தவன் கையில்தான் வேலூர். ஹைதர் அலியும் முதலில் அந்தக் குன்றைத்தான் பிடிக்கப் பார்த்தார். முடியவில்லை. கீழ்க்கோட்டைக்கு அகழித் தண்ணீர் சூரியகுண்டம் என்ற ஏரியிலிருந்து பூமிக்கடியில் கால்வாய் வழியாக வந்தது. குன்றின் மேலே நின்றவனுக்கு அந்த வசதி ஏது? அவனுக்குப் பாறைச் சுனையில் தேங்கியதும் தோளில் சுமந்ததும்தான்.

ஆம்பூர் மலைக்கு ஒரு வீட்டுக் கணக்கு

வேலூரிலிருந்து மேற்கே ஆம்பூர். என் தங்கச்சியை அங்கேதான் கொடுத்திருக்கிறது. ஆம்பூர் என்றால் இப்போது பிரியாணியும் தோல் செருப்பும் என்றாகிவிட்டது. அந்தக் காலத்தில் கர்நாடகத்து நவாபுக்கு மலைநாட்டிலிருந்து இறங்கி வரும் கணவாய்க்குக் காவல் அது. 1749 ஆகஸ்ட் 3-ம் தேதி அங்கே நடந்த சண்டையில்தான் நவாப் அன்வருதீன் கான் இறந்துபோனார். சண்டை மலைக்குக் கீழே நடந்தது. மலைமேலே ஒரு கோட்டை இருந்தது.

1767 நவம்பரில் ஹைதர் அலி அந்த ஆம்பூரை வளைத்துக்கொண்டார். கேப்டன் கால்வர்ட் என்பவரிடம் சுமார் 500 சிப்பாய்களும் கொஞ்சம் வெள்ளைக்காரர்களும்தான். கீழே ஊரை விட்டுவிட்டு மலைக்கோட்டைக்கு ஏறிக்கொண்டார்கள். நாலு வாரம் போல, உதவிப் படை வரும் வரை தாக்குப்பிடித்தார்கள். அந்தச் சிப்பாய்ப் பட்டாளத்துக்குத் தங்கள் கொடியில் ஆம்பூர் மலையின் படத்தைப் போட்டுக்கொள்ளும் உரிமை கிடைத்தது.

இதை ஒரு நாள் மத்தியானம் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஆளுக்குக் குடிக்கவும் பொங்கவும் மட்டும் தினம் 5 லிட்டர் தண்ணீர். குளிப்பது, துவைப்பது எல்லாம் கிடையாது. 500 பேருக்கு ஒரு நாளைக்கு 2,500 லிட்டர். 27 நாளைக்கு 67,500 லிட்டர். அரிசி ஆளுக்கு அரைக் கிலோ என்றால் நாளைக்கு 250 கிலோ. 27 நாளைக்கு 6,750 கிலோ. 75 கிலோ மூட்டையாகக் கட்டினால் சரியாக 90 மூட்டை! விறகு, உப்பு, மிளகாய், காயம்பட்டவனுக்குக் கட்டுப்போடத் துணி, இதெல்லாம் தனி. இத்தனையும் முற்றுகைக்கு முன்னாலேயே மலைமேல் ஏறியிருக்க வேண்டும். எதிரி வந்த பிறகு கடைக்குப் போக முடியாதே!

அது ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். பாறைக் குழிகளில் மழைத்தண்ணீர் நிறைந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். அதே முற்றுகை சித்திரை வெயிலில் நடந்திருந்தால்?

செஞ்சியில் பார்த்தது

இப்படி யோசிக்க ஆரம்பித்ததும் செஞ்சியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. "ராஜா தேசிங்கு கோட்டைம்மா, அதுல நீ அரிசி மூட்டையைத் தேடப் போறியா?" என்று என் மகள் கேலி செய்தாள். "ஆமாண்டி, அதைத்தான் தேடப் போறேன்" என்றேன். போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பி ஆற்காடு, ஆரணி, சேத்துப்பட்டு வழியாகப் போனோம். வீட்டுக்காரர், மகள், என் மாமியார், நான் நாலு பேரும். அத்தைக்கு எழுபது வயசு தாண்டிவிட்டது. மேலே ஏறமாட்டார்கள், கீழே நிழலில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லித்தான் வந்தார்கள்.

செஞ்சி ஒரு மலை இல்லை, சகோதரிகளே. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. மூன்றையும் சேர்த்து முக்கோணமாக மதில் ஓடுகிறது. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சிக்குப் போகிற வழியில், பாறை பிளந்தது மாதிரி சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமுமாக ஒரு பள்ளம். அதன் மேல் மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் யாரும் அந்தப் பக்கம் போக முடியாது. கோன் வம்சத்தார் காலத்தில் ஆரம்பித்து நாயக்கர்கள் பெரிதாகக் கட்ட, 1649-ல் பீஜப்பூர் சுல்தான் படையும் 1677-ல் சிவாஜியும் 1698-ல் முகலாயரும் 1750-ல் பிரெஞ்சுக்காரரும் 1761-ல் ஆங்கிலேயரும் கைப்பற்றினார்கள். இத்தனை கை மாறியும் மதில் நிற்கிறது! 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில். மீதி ஒன்று நம் செஞ்சி.

உள்ளே போனதும் எல்லோரும் கல்யாண மகாலைப் போட்டோ எடுக்கிறார்கள். அடுக்கடுக்காக மேலே போகிற கோபுரம், நடுவே முற்றம், சுற்றிலும் அறைகள். அரண்மனைப் பெண்கள் இருந்த இடம் என்கிறார்கள். தூரத்துக் குளத்திலிருந்து மண்குழாய் பதித்து அந்த மகாலின் மேல்மாடி வரைக்கும் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். மோட்டார் இல்லாத காலத்தில்! மேடான இடத்துக் குளத்திலிருந்து வருகிற தண்ணீர் தன் மட்டத்துக்குத் தானே ஏறும் என்ற சூத்திரம்தான். நம் வீட்டு மேல்தொட்டிக் குழாயிலும் அதே சூத்திரம்தான் வேலை செய்கிறது.

பக்கத்தில் களஞ்சியம். பெரிய பெரிய அறைகள், மேலே வில் மாதிரி வளைந்த கூரை. உள்ளே கால் வைத்ததும் வெயிலின் சூடு விட்டுப்போனது. சுவர் அத்தனை தடிப்பு. வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைத்தான் பார்த்தேன். தானியத்துக்கு எதிரி வெயில் இல்லை, ஈரம்தான். ஈரம் ஏறினால் பூஞ்சை, பூஞ்சை வந்தால் நாலு மாசத்து அரிசி நாலே நாளில் நாறிப்போகும். எங்கள் அம்மா வீட்டுக் குதிரையும் தரையில் நேராக வைக்கமாட்டார்கள், கல் கொடுத்துத் தூக்கித்தான் வைப்பார்கள். களஞ்சியம் இந்த ஒரு இடத்தில் மட்டும் இல்லை. கிருஷ்ணகிரி மேலும் இருக்கிறது, ராஜகிரி உச்சியிலும் இருக்கிறது. கீழே மதில் விழுந்தால் நடுவுக்கு, நடுவும் விழுந்தால் உச்சிக்கு. ஒவ்வொரு கட்டிலும் சாப்பாடு தயாராக இருந்திருக்கிறது.

தண்ணீரும் அப்படியே. கீழே சக்கரக்குளம், செட்டிக்குளம், யானைக்குளம். ராஜகிரி மேலே ஊற்றும் மழைத்தண்ணீரைப் பிடிக்கிற தொட்டிகளும். பாறை மேல் விழுகிற மழை ஒரு சொட்டும் வீணாகாமல் பள்ளத்துக்கு வந்து சேருகிற மாதிரி இடம் பார்த்து அணை கட்டியிருக்கிறார்கள். பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது மகள் சொன்னாள், "ஏம்மா, இவங்க கோட்டை கட்ட இடம் பாத்துத் தண்ணி தேடல போலிருக்கு. தண்ணி இருக்கிற மலையாப் பாத்துக் கோட்டை கட்டியிருக்காங்க." பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லையே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

சக்கரக்குளத்துப் பக்கம் ஒரு பெரிய உருண்டைப் பாறை இருக்கிறது. நடுவே கிணறு மாதிரி குழி. கைதிகள் கிணறு என்கிறார்கள். மரண தண்டனை பெற்றவர்களை அதற்குள் தள்ளிவிட்டுப் பட்டினி போட்டுச் சாகவிடுவார்களாம். அதைப் பார்த்தபோது மனசு என்னவோ செய்தது. கோட்டை கட்டியவனுக்குச் சோற்றின் அருமை தெரிந்த மாதிரியே பட்டினியின் பலமும் தெரிந்திருக்கிறது.

வளைத்தவனுக்கும் வயிறு உண்டு

செஞ்சியின் பெரிய முற்றுகை 1690-ல் ஆரம்பித்தது. சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் வெளியே. வளைத்துக்கொண்டவனுக்குத்தான் சௌகரியம் என்று நினைப்போம். இல்லை! 1692 கடைசியில் மராட்டியக் குதிரைப்படை வெளியிலிருந்து வந்து முகலாயப் பாசறைக்குத் தானியம் வரும் வழியை அடைத்துவிட்டது. கோட்டைக்குள் இருந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, வளைத்துக்கொண்டு நின்றவர்கள் பட்டினி கிடந்தார்கள். வேறு வழியில்லாமல் சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். திரும்பி வந்து கோட்டையைப் பிடிக்க 1698 ஆகிவிட்டது. அதற்குள் ராஜாராம் தப்பி வேலூருக்குப் போய்விட்டார்.

அந்தக் கோட்டைக்குள்ளே பெண்களும் இருந்தார்கள், குழந்தைகளும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. ராஜாராமின் மனைவி தாராபாய்க்கு முற்றுகைக் காலத்திலேயே 1696-ல் ஆண் குழந்தை பிறந்தது. கணவர் இறந்த பிறகு 1700 முதல் மகனுக்காக ராஜ்யத்தை நடத்தி ஔரங்கசீப்பையே எதிர்த்து நின்றவர் இந்தத் தாராபாய்தான். வெளியே பீரங்கி முழங்க, உள்ளே பிரசவம். வெந்நீர் போட்டது யார், பத்தியச் சாப்பாடு செய்தது யார், மருத்துவச்சி யார்? பெயர் எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

தேசிங்கு ராஜா கதை உங்களுக்கே தெரியும். 1714-ல் ஆற்காட்டு நவாபை எதிர்த்துச் சண்டையில் இறந்தார். இருபத்து சொச்சம் வயசு. அவருடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினார். அந்த ராணியின் ஞாபகமாகத்தான் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். சோளிங்கர் இப்போது அந்த ராணிப்பேட்டை மாவட்டத்தில்தான் இருக்கிறது. விலாசம் எழுதும்போதெல்லாம் அந்தச் சின்னப் பெண்ணின் ஞாபகம் எனக்கு வரும்.

வடகோடியிலும் இதே கதை

இது நம் ஊர் மலைகளுக்கு மட்டுமான சமாசாரம் இல்லை. பிரிட்டனின் வடக்கே ஸ்காட்லாந்தில், ஏறக்குறைய நம் பல்லவர் காலத்தில், பிக்ட் என்ற ஜனங்கள் இருந்தார்கள். ரோமாபுரிக்காரர் வைத்த பெயர் அது. சாயம் பூசியவர்கள் என்று அர்த்தம். பச்சை குத்திக்கொண்டிருந்தார்களோ என்னவோ! அவர்களும் மலைமேலும் கடல்முனையிலும் கோட்டை கட்டினார்கள்.

பர்க்ஹெட் என்ற இடத்தில் அவர்களுடைய பெரிய கோட்டை ஒன்று கடலுக்குள் நீட்டிய முனையில் இருந்தது. 1800-களின் ஆரம்பத்தில் அங்கே புது ஊரும் துறைமுகமும் கட்டியபோது, கோட்டையில் பாதிக்கு மேல் இடித்துக் கல்லை எடுத்துக்கொண்டார்கள். காளைமாடு செதுக்கிய கற்கள் முப்பது போலக் கிடைத்தனவாம். இன்றைக்கு ஆறுதான் மிஞ்சியிருக்கிறது. 1809-ல் புது ஊருக்குத் தண்ணீர் தேடித் தோண்டியபோது, படிக்கட்டு இறங்கிப் போகிற, பாறையில் குடைந்த பழைய கிணறு ஒன்று வெளிப்பட்டது. மதிலை இடித்தவர்களுக்குக் கடைசியில் கோட்டைக்காரனின் கிணற்றிடம்தான் போய் நிற்க வேண்டி வந்தது!

அதே நாட்டில் டாப் ஓ நாத் என்ற மலையில் 2020-ல் ஆராய்ச்சியாளர்கள் ஆகாயத்திலிருந்து அளந்து பார்த்தார்கள். சுமார் 800 குடிசை இருந்த தளங்கள் தெரிந்தன. 800 குடிசை என்றால் 800 அடுப்பு! ராஜாவின் பெயர் கிடைக்காவிட்டாலும் அடுப்பு இருந்த இடம் அழியாமல் நிற்கிறது பாருங்கள்.

எங்கள் வீட்டுக் கிணறு

இதையெல்லாம் எதற்கு இத்தனை சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் ஆறு மாதமாக ஒரு பேச்சு நடக்கிறது. கொல்லையில் ஒரு பழைய கிணறு இருக்கிறது. என் மாமனாரின் அப்பா வெட்டியது. அதை மூடிவிட்டு வண்டி நிறுத்தக் கொட்டகை போடலாம் என்பது என் கொழுந்தனாரின் யோசனை. "குழாய்த் தண்ணி வருது, போர் இருக்கு, கேன் தண்ணி போன் பண்ணா வருது. இன்னும் எதுக்கு அண்ணி கிணறு? கொசுதான் வளருது" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இடம் குறைவு, குழந்தைகள் ஓடியாடுகிற வீடு. கொத்தனாரை வரச் சொல்லி விலையும் பேசியாகிவிட்டது.

ஆனால் நான் என் தங்கச்சி வீட்டைப் பார்க்கிறேனே! அவள் கல்யாணமாகிப் போனபோது அங்கேயும் கிணறு இருந்தது. பாலாற்றுப் பக்கத்து ஊர். ஆற்றில் வெள்ளம் வராவிட்டாலும் மணலுக்கடியில் தண்ணீர் ஓடும் என்று பெருமையாகச் சொல்வார்கள். தோல் பதனிடுகிற தொழிலால் அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான குடும்பம் பிழைக்கிறது, வாஸ்தவம். அவள் வீட்டுக்காரர் சம்பாதிப்பதும் அதில்தான். அதே தொழிலின் கழிவுநீர் பல ஊர்களின் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்ததும் வாஸ்தவம். வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், கெடுத்தவர்தான் நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை இன்றைக்கும் சட்டம் படிக்கிற பிள்ளைகள் பாடமாகப் படிக்கிறார்கள். அதன் பிறகு 2025 ஜனவரியில் அதே பாலாற்று விஷயமாகச் சுப்ரீம் கோர்ட் மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது. என் தங்கச்சி மட்டும் கேன் தண்ணீரில்தான் சோறு வடிக்கிறாள். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. "அக்கா, ஒரு கேனை மூணு நாளைக்கு வச்சு ஓட்டுறேன்" என்பாள். 500 சிப்பாய் மலைமேல் நாலு வாரம் தாக்குப்பிடித்தார்களே, அந்த மலையின் கீழ் இருக்கிற ஊர்ப்பக்கம்தான் இது. கேன் வண்டி மூன்று நாள் வராவிட்டால் என்ன செய்வது? யாரும் வளைக்காமலேயே இது முற்றுகைதான்.

செஞ்சியிலிருந்து திரும்பி வந்த வாரம் இதை வீட்டில் சொன்னேன். மலைமேல் ஏறாமல் குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்த அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார்கள். "அந்தக் குளத்துல தண்ணி கெடக்கிறதைப் பாத்தேன். ராஜா போயிட்டான், தண்ணி இருக்குது. கிணறு இருக்கட்டும்டா" என்று கொழுந்தனாரிடம் சொல்லிவிட்டார்கள். கொத்தனாரை நிறுத்தியாகிவிட்டது, கொட்டகையைப் பற்றி வைகாசியில் மறுபடி பேசலாம் என்று முடிவு. அதற்குள் என் வேலை நடந்துவிட்டது. கிணற்றைத் தூர் வாரி, மேலே கம்பி வலை போட்டுப் பூட்டு வைத்தாயிற்று. கொசுவலையும் சேர்த்து அடித்ததில் கொழுந்தனாரின் கொசுப் புகாரும் தீர்ந்தது. மாடித் தண்ணீரை மணலும் ஜல்லியும் போட்ட தொட்டி வழியாக வடிகட்டிக் கிணற்றுக்குள் விட்டிருக்கிறோம். வைகாசியில் பேச்சு வரும்போது தண்ணீர் மட்டத்தைக் காட்டித்தான் பேசப் போகிறேன்.

நீங்கள் செய்யக்கூடியவை

மழைத்தண்ணீர்க் கணக்கு ஒன்று சொல்கிறேன், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 1000 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. 2003-லேயே நம் மாநிலத்தில் எல்லா வீட்டுக்கும் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. அப்போது வைத்த குழாய் இன்றைக்கு உங்கள் வீட்டில் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள். அடைத்துக்கொண்டிருந்தால் ஆடி மாதத்துக்குள் சுத்தம் செய்துவிடுங்கள். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு அப்புறம் சேமியுங்கள்.

குடிதண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்துக் குடித்தால் கிருமி சாகும். ஆனால் உப்பும் தோல் சாயக் கழிவும் கலந்த தண்ணீர் கொதிக்கவைத்தால் நல்லதாகிவிடாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் குறையும், உப்பு அப்படியே இருக்கும். சந்தேகமுள்ள கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் குடிக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியைக் காலியாக்கித் தேய்த்துக் கழுவுவதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அரிசி, கேழ்வரகு மொத்தமாக வாங்குகிறவர்கள் நிழலில் காய்ந்த வேப்பிலை, வசம்பு, காம்போடு காய்ந்த மிளகாய் போட்டு வையுங்கள். டிரம்மைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்தால் ஈரம் ஏறாது. பழையதை முதலில் எடுத்துப் புதியதைப் பின்னால் வைக்க வேண்டும்.

செஞ்சிக்குப் போக நினைக்கிறவர்கள் மார்கழி, தை மாதத்தில் போங்கள். காலையில் வெயில் ஏறும் முன் ராஜகிரி ஏறிவிட வேண்டும். நேரமானால் மேலே விடமாட்டார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர் இருந்தால் இன்னும் நல்லது. சாப்பாட்டுப் பையை மூடி வையுங்கள், குரங்குத் தொல்லை அதிகம். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்காலுக்கு வேலை ஜாஸ்தி. கைத்தடி வைத்துக்கொண்டு நிதானமாக இறங்குங்கள். இருதயக் கோளாறும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம். கீழேயே களஞ்சியமும் கல்யாண மகாலும் குளங்களும் பார்க்க அரைநாள் வேண்டும். எங்கள் அத்தை மாதிரி குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தாலும் போன பயன் கிடைக்கும்.

உங்கள் ஊர்ப் பக்கத்திலும் துர்க்கம், கோட்டை என்று பெயர் சொல்லும் ஒரு மலை இருக்கும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் மதிலைக் காட்டுங்கள். அப்படியே சுனை எங்கே, களஞ்சியம் எங்கே என்று கேட்டுத் தேடச் சொல்லுங்கள். சுனைக்குள் பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் கிடந்தால் எடுத்து வந்து கீழே போடுங்கள். உங்கள் வீட்டில் பழைய கிணறோ குதிரோ இன்னும் புழக்கத்தில் இருந்தால், அதை எப்படிப் பராமரிக்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழ்களில் அவற்றை இந்தப் பக்கத்திலேயே சொல்கிறேன்.